சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை அன்று, பாகூரில் நான் பெருக்கித் துடைக்கப் போகிற போட்டோ ஸ்டுடியோவில் நடந்தது இது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நடவு, களையெடுப்பு என்று வயலில் வேலை பார்த்தவள். முட்டி தேய்ந்து, சேற்றிலிருந்து காலை உருவ முடியாமல் போன பிறகுதான் இந்த ஸ்டுடியோ வேலைக்கு வந்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் நடத்துகிற கடை. அவர் போட்டோவும் வீடியோவும் எடுப்பார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்துக் கொடுப்பாள். அவரைத் தம்பி என்றும் அவளைப் பாப்பா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு நான் ஆயா. காலையில் போய்ப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மதியம் வீட்டுக்கு வந்துவிடுவேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. துடைப்பத்தோடு பேச வேண்டியதில்லை.

பாப்பாவின் மேசைக்குக் கீழே, ஒரு ஸ்டூல் மேல், கறுப்பாக ஒரு பெட்டி உண்டு. மிக்சி வருகிற அட்டைப் பெட்டி அளவு இருக்கும். முகப்பில் நாலு கதவு, ஒவ்வொரு கதவிலும் கடுகு மாதிரி ஒரு பச்சை விளக்கு. ராவும் பகலும் எரியும். ஒரு நாள் அது என்ன என்று கேட்டேன். பாப்பா சிரித்துக்கொண்டு, "அதுலதான் ஆயா இந்த ஊரு கல்யாணம் எல்லாம் இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் துடைக்கும்போது கொஞ்சம் மரியாதையாகத்தான் துடைப்பேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் தம்பி பூசணிக்காய், பொரி, பூ வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். பாப்பா சுண்டல் செய்ய வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தம்பி, "கேமரா, லைட்டு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் மேலாக்கத் தொடச்சிப் பொட்டு வெச்சிடுங்க ஆயா. சாயங்காலம் படச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மேலாக்க என்ற வார்த்தையை அவர் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் மண்வெட்டியின் காம்பைக் கழற்றி, அரிவாளைப் புளி போட்டுத் தேய்த்து, சந்து பொந்தெல்லாம் கழுவித்தான் பொட்டு வைப்போம். மேலே ஒரு துடை, ஒரு பொட்டு என்றால் அது சாமியை ஏமாற்றுகிற வேலை. அப்படியே பழகின கை. கேமராவைத் துடைத்தேன், குடை விளக்குகளைத் துடைத்தேன், ஸ்டாண்டுகளின் காலை ஒவ்வொன்றாக இழுத்துத் துடைத்தேன். கடைசியில் அந்தக் கறுப்புப் பெட்டி. முகப்பைத் துடைத்தபோது கதவு இடுக்குகளில் தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது தெரிந்தது. வருடத்துக்கு ஒரு நாள், அதையும் விடுவானேன் என்று தோன்றியது.

முதல் கதவில் ஒரு சின்னப் பித்தான் இருந்தது. அழுத்தினேன். ஒரு கைப்பிடி தானாக வெளியே வந்தது. பிடித்து இழுத்தேன். வழவழவென்று இழுப்பறை மாதிரி முழுதாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே செங்கல் துண்டு கனத்தில் ஒரு இரும்புத் தகடு. சூடாக இருந்தது. உள்ளே ஏதோ சுற்றுகிற மாதிரி கையில் அதிர்ந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். நடுவில் சின்னதாக வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது, பொட்டு வைக்கவே விட்ட இடம் மாதிரி. அதில் சந்தனத்தை வைத்துக் குங்குமத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்துப் பெட்டி 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

எனக்குக் கை உதறிப்போனது. அந்த இரும்பு தரையில் மொசைக் மேல் மூலை குத்தி விழுந்தது.

எடுத்து, வந்த வழியாகவே தள்ளினேன். போய் உட்கார்ந்தது. ஆனால் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு வந்தது. சத்தம் நிற்கவில்லை. ஒருவேளை மற்றதையும் துடைக்கச் சொல்கிறதோ, இரண்டாவதை எடுத்து முதலாவது இடத்தில் வைத்தால் சரியாகுமோ என்றெல்லாம் புத்தி ஓடியது. இரண்டாவது கதவின் பித்தான் மேல் கட்டை விரலை வைத்தும் விட்டேன். அந்த நேரம் வாசலில் பூக்காரம்மா, "ஆயா, பூ வேணுமா வேணாமா, வெயிலு ஏறுது!" என்று ஒரு சத்தம் போட்டாள். விரலை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது அவள் என்ன காப்பாற்றினாள் என்று.

பூ வாங்கிக்கொண்டு திரும்பினால் அது இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அப்போது நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு தடித்த டர்க்கித் துண்டை எடுத்து அந்தப் பெட்டி மேல் போர்த்தி, நாலு பக்கமும் செருகிவிட்டேன். சத்தம் அமுங்கியது. கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்துத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது.

கரியமாணிக்கம் ஊர்ப் பெண். ஆவணி மாதத்தில் தன் மகளுக்குக் காது குத்தினாள். தம்பிதான் வீடியோ எடுத்தார். எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவள் புருஷன் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டான். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே போனும் அவனோடு நொறுங்கிப் போயிற்று. அந்தப் போனில் இருந்த போட்டோ, பேசி அனுப்பியது எதுவும் மீளவில்லை. அவன் பேசுகிற சத்தம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம், அந்தக் காதுகுத்து வீடியோவில். அவள் காரியமெல்லாம் முடிந்து இரண்டு முறை ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, "ஆயிடுச்சா அண்ணா?" என்று மட்டும் கேட்பாள். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். பாதி குடிப்பாள். விஜயதசமி அன்று வந்து வாங்கிக்கொள் என்று தம்பி சொல்லியிருந்தார். அதாவது மறுநாள்.

சோறு உள்ளே இறங்கவில்லை. நான் உடைத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இருந்தும் எழுந்து போய்ச் சொல்லக் காலும் வரவில்லை. ஆயுத பூஜை அன்று படைத்த கருவியை யாரும் தொடமாட்டார்கள். மறுநாள்தான் எடுப்பார்கள். ஒரு நாள் யாருக்கும் தெரியாது. நாளைக்கு அது தானாகக் கெட்டுப்போனது என்றுதானே நினைப்பார்கள்? இப்படியும் நான் யோசித்தேன். இத்தனை வயதுக்கு மேல் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது.

சாயங்காலம் படையலுக்குப் போனேன். கேமராவெல்லாம் வாழையிலை மேல் வரிசையாக இருந்தது. பொரி, சுண்டல், பழம். தையல் கடைக்காரர் புது வேட்டி கட்டி வந்திருந்தார். தம்பி போனில் பக்திப் பாட்டு வைத்திருந்தார். பாட்டுக்கு நடுவில் மெதுவாக அந்தப் 'பீப்' கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னா சத்தம் அது?" என்றாள் பாப்பா.

"எவனாவது வண்டிய ரிவர்ஸ் எடுப்பான். நீ கற்பூரத்த ஏத்து" என்றார் தம்பி.

"ஒரு மணி நேரமாவா ரிவர்ஸ் எடுப்பான்? கடலூருக்கே போயிருப்பானே" என்றார் தையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா தீப்பெட்டியை எடுத்தாள். நான் பின்னால் போய் அவள் முந்தானையை இழுத்தேன்.

"பாப்பா, நான் ஒண்ண ஒடச்சிட்டேன்."

"இன்னா ஆயா, டம்ளரா? போவட்டும் வுடுங்க."

மேசைக்குக் கீழே கையை நீட்டினேன்.

பாப்பா குனிந்து துண்டை உருவினாள். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சூடு வந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி பக்கத்தில் வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காதுகுத்து" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறார். ஸ்டுடியோக்காரர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். தம்பி அவருக்குப் போன் போட்டார். பண்டிகை நாளில் எடுப்பாரோ மாட்டாரோ என்று பயம். எடுத்தார். "எதையும் தொடாதீங்க. எடுத்தது போதும், இன்னொண்ண எடுத்துடாதீங்க. ஃபேன இழுத்து அதுக்கு எதிர்ல வைங்க. வந்துகினே இருக்கேன்" என்றார்.

"படையல் போட்ட அன்னிக்கி மிஷின தொடக் கூடாதேப்பா" என்று தையல்காரர் இழுத்தார்.

"அண்ணே, சரஸ்வதியும் பொம்பளதான். பொம்பள கஷ்டம் அவங்களுக்குப் புரியும்" என்றாள் பாப்பா. அவரே போய் ஃபேனை இழுத்து வந்தார்.

அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. "எங்க வூட்ல இன்னிக்கிப் பூஜ இல்ல, அதனாலதான் நான் கெடச்சேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கி ஒடச்சிருந்தா கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்த இழுப்பறையை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது இன்னா, சந்தனமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஆயா, இது மூச்சு விடற ஓட்ட. இத மூடாதீங்கன்னு பக்கத்துலயே இங்கிலீஷ்ல எழுதிக்கீது."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களே படிக்கறதில்ல ஆயா" என்று சொல்லித் தம்பியைப் பார்த்தார். "ரெண்டாவது காப்பி எங்க?"

தம்பி தலை குனிந்தார். தனியாக வெளியே எடுத்து வைக்கிற டிஸ்க் ஒன்று உண்டாம். அது ஆடியிலேயே நிறைந்துபோய்விட்டது. ஆவணி முகூர்த்தத்தில் ஓடின ஓட்டத்தில் புதிது வாங்கவில்லை. ஆவணியில் எடுத்தது எல்லாம் இந்தப் பெட்டியில் மட்டும்தான்.

அப்போதுதான் அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பெட்டியில் எந்த வீடியோவும் ஒரே டிஸ்க்கில் முழுதாக இருக்காதாம். நாலிலும் பிரித்துப் பிரித்து வைத்திருக்குமாம். அதோடு, ஒன்று இல்லாமல் போனால் மற்ற மூன்றையும் வைத்து அதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கையும் சேர்த்தே எழுதி வைத்திருக்குமாம். "ஒண்ணு போனா மிச்ச மூணும் அத்தோட வேலயயும் சேத்துப் பாக்கும். பீப்புன்னு கத்தறது, ஆள் கொறையுது, சீக்கிரம் வேற ஆள் அனுப்புன்னு நம்மள கூப்பிடறது. நீங்க அது வாயில துணிய வெச்சிட்டீங்க."

எனக்கு நடவு ஞாபகம் வந்தது. வரிசையாக நின்று நடும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு இருக்கும். ஒருத்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால், இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் கையை நீட்டி அவள் பங்கையும் சேர்த்து நட்டுக்கொண்டே போவார்கள். வேலை மெதுவாகும், மூச்சு வாங்கும், ஆனால் வயலில் இடைவெளி தெரியாது. என் பெரியவன் வயிற்றில் இருந்தபோது ஒரு வாரம் எனக்காக அப்படி நட்டார்கள். ஒருத்திகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் முடியாது. அதையும் கண்டிருக்கிறேன்.

"அப்ப ரெண்டாவத எடுத்திருந்தா?" என்று கேட்டேன். அத்தனை பேர் நடுவில் நானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

"நான் வந்திருக்கவே வேணாம் ஆயா" என்றார்.

என் கட்டை விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

விழுந்த டிஸ்க் செத்துவிட்டது. புது டிஸ்க் போட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் பழையதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் அதற்கு ராத்திரி முழுக்க ஆகும். அந்த மூன்றும் நாலு வருடத்துக்கு முன்பு ஒரே நாளில் வாங்கியவை, ஒன்றுபோலத் தேய்ந்தவை. காலையிலிருந்து துண்டுக்குள் வெந்திருக்கின்றன. எழுதுகிற பாரத்தில் இன்னொன்று விழுந்தால் எல்லாம் போகும். அதனால் அந்த அம்மா முதலில் ஒன்று கேட்டார்: "இதுல மறுபடி எடுக்கவே முடியாதது எது? அத மொதல்ல வெளிய எடுத்துடலாம்."

தம்பியும் பாப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. சாதாரணமாகப் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையாம். அன்று நத்தை மாதிரி போனது. கற்பூரம் ஏற்றாமல் தட்டில் அப்படியே இருந்தது. யாரும் சுண்டலைத் தொடவில்லை.

பாதியைத் தாண்டியதும் கோடு நின்றுவிட்டது. பெட்டிக்குள் 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது கதவில் பச்சை போய் ஆரஞ்சு நிறம் மினுக்கியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை இருந்த கேலி அதில் இல்லை. ஃபேனை இன்னும் கிட்டத்தில் தள்ளினார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

எத்தனை நேரம் என்று தெரியாது. பாப்பா என் கையைப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் தையல்காரர், மிஷினைத் தொடக் கூடாது என்றவர், சரஸ்வதி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார்.

ஆரஞ்சு மினுக்கியது, மினுக்கியது, பச்சையானது. கோடு நகர்ந்தது.

அது முடிந்து, உண்மையாகவே வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த அம்மா வீடியோவை ஓடவிட்டார். ஒரு கோயில் மண்டபம். மாமன் மடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் நின்ற வாலிபன் காது குத்துகிற ஆசாரியிடம், "யோவ், மெதுவாய்யா, அது காது, தென்ன மரம் இல்ல!" என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறான்.

"இப்ப கற்பூரத்த ஏத்துங்க" என்றார் அந்த அம்மா.

படையல் முடிந்து, நான் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியிடம் போனேன். "நாளையிலேருந்து நான் வரல தம்பி" என்றேன்.

"நீங்க வரலன்னா யாரு கூட்டறது? பாப்பா கூட்டினா பாதி குப்ப அங்கியே கெடக்கும்" என்றார். பாப்பா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க ஒரு டிஸ்க்க கீழ போட்டீங்க ஆயா. நான் மொத்தத்தையும் அந்தரத்துல தொங்க வுட்டுட்டுப் படம் புடிக்கப் போயிட்டேன். நீங்களாவது வந்து சொன்னீங்க."

அந்த அம்மா வேறொருவருக்காக வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கையே எங்கள் பெட்டியில் போட்டார். கம்ப்யூட்டர் கடையெல்லாம் மூடியிருந்த நாள் அது. "அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். அவரோடது இன்னும் சாவல" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். இரண்டு பேரும் மாறி மாறி விழித்திருந்து கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் பெட்டியில் நாலு விளக்கும் பச்சையாயின. பாப்பா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் கரியமாணிக்கத்துப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, காதில் புதுக் கம்மல். தம்பி வீடியோவை ஓடவிட்டார். 'தென்ன மரம் இல்ல' என்ற இடம் வந்ததும் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை அப்படியே பொத்திக்கொண்டு அழுதாள். குழந்தை திரையில் விரலை வைத்து அப்பா அப்பா என்றது. நான் டீ வாங்கி வந்தேன். அன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

தம்பி இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "ஒண்ண உங்க வூட்ல வையிம்மா. இன்னொண்ண வேற எங்கியாவது வையி. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது" என்றார். அது முதல் நாள் அந்த அம்மா அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைக் காட்டி, "நேத்து இது போவறதுக்கு இருந்துது. இந்த ஆயா வந்து சொன்னதாலதான் பொழச்சிது" என்றார்.

அந்தப் பெண் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் குழந்தையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே யாரும் இல்லை. எனக்கு அதுதான் வசதி. "பொண்ணு, அவுரு முழுசா சொல்லல. அத ஒடச்சதே நான்தான். ஒடச்சிட்டு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு துண்டப் போட்டு மூடினவளும் நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் வைத்தது, விரலை வைத்தது, சோறு இறங்காதது, நாளைக்குத் தானாகக் கெட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நான் யோசித்ததுகூட.

அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சரி, வெறுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சொல்லாம இருந்திருக்கலாமே ஆயா. எனக்கு எப்டித் தெரியப் போவுது?" என்றாள்.

"தெரியாதுதான். ஆனா நீ என் கைய கண்ணுல ஒத்திக்கினியே."

பஸ் வருகிறது தெரிந்தது. அவள் பர்ஸைத் திறந்து, அந்த இரண்டு பென் டிரைவில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள்.

"எங்களுது ஓட்டு வூடு. மழ வந்தா அங்க எதுவும் தங்காது. மாமியா வூட்ல வெச்சா ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கினு போவாங்க. நீங்க வெச்சிக்குங்க."

"ஐயோ, நானா? என் கைக்கா குடுக்கற?"

"ஒரு வாட்டி கீழ போட்ட கை ஆயா. இனிமே போடாது" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பஸ் ஏறிவிட்டாள்.

அந்தப் பென் டிரைவ் என் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஊரில் மழை வலுத்தால் முதலில் அதைத்தான் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. அதில் இருப்பதை நானாகப் பார்க்க முடியாது. ஆனால் சும்மா வைத்திருந்தாலும் அது கெட்டுப்போகலாம், வருடத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த ரிப்பேர் அம்மா சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு விஜயதசமிக்கும் அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போகிறேன். முதல் நாள் அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல்மூடியில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு வைத்திருப்போம். பாப்பா பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகுவாள். ஆசாரி வருவார், குழந்தை அழும், அந்தப் பையன் தென்ன மரம் இல்லை என்பான். சரியாக இருக்கிறது என்று பாப்பா கழற்றிக் கொடுப்பாள். நான் கரியமாணிக்கத்துக்குப் போன் போடச் சொல்லி, "இருக்குது பொண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லுவேன். "சரிங்க ஆயா" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பெற்ற பிள்ளைகள்கூட என்னை நம்பி இவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்து வைத்ததில்லை. என் கையிலிருந்து நழுவியதை என் கையிலேயே கொடுத்துக் காக்கச் சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான், தினமும் காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் குனிந்து அந்த நாலு பச்சை விளக்கையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கிறேன்.